தோரணத்தில் தொங்கிய மகாராஜா

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், மாடுகள் பேசுவதை நிறுத்தி மனிதர்கள் பேச ஆரம்பித்ததற்குக் கொஞ்சம் பிற்பாடு, தேன்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டை ஆண்டவர் பெயர் இடிமுழக்க மாறன். பெயருக்கு ஏற்ற தொண்டை. சாப்பிடும்போது அவர் உப்புக் கேட்டால், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் திடுக்கிட்டு உப்பை எடுத்து நீட்டுவான்.

ராஜா கெட்டவர் இல்லை. வரி அதிகம் வாங்க மாட்டார், சண்டைக்கும் போக மாட்டார். ஒரே ஒரு பைத்தியம் மட்டும் உண்டு. பொங்கல் வாழ்த்து அட்டை.

தை பிறக்கப் போகிறது என்றால் நாலா திசையிலிருந்தும் அவருக்கு வாழ்த்து அட்டைகள் வரும். கரும்புப் படம் போட்டது, பொங்கி வழியும் பானை போட்டது, கொம்புக்கு வர்ணம் பூசிய காளை போட்டது, கிளி போட்டது. வந்த அட்டைகளை ராஜா பிரிக்க மாட்டார், படிக்க மாட்டார். தராசில் ஏற்றி எடை போடுவார். போட்டுவிட்டுப் பக்கத்து நாட்டு ராஜாக்களுக்கு ஆள் அனுப்பி, இந்த வருஷம் எனக்கு மூன்று யானைப் பொதி வாழ்த்து வந்தது, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்பார். அப்புறம் அத்தனையையும் பெரிய மண்டபத்தில் கொட்டச் சொல்வார். வருஷா வருஷம் கொட்டி, மண்டபத்தில் சிம்மாசனம் மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் அட்டை.

தேன்கரைக்குப் பக்கத்தில் ஒரு மலை. மலைமேல் சடாகேது என்று ஒரு மந்திரவாதி. ஏழு கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. அவர் அடுப்புப் புகை அரண்மனை மாடியிலிருந்தே தெரியும். முழங்கால் வரை தாடி. தனியாள். அவரும் வருஷம் தவறாமல் ராஜாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். கடையில் வாங்கியது இல்லை, மந்திரத்தில் வரவழைத்ததும் இல்லை. மார்கழி பூராவும் உட்கார்ந்து தன் கையால் வரைந்தது.

ஒரு நாள் மழை விட்டதும் மந்திரவாதி ஊருக்குள் இறங்கி வந்தார். வழியில் பார்த்த ராணி செங்காந்தள், அரண்மனைக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்தாள். இலை போட்டார்கள். சாதம் வந்தது, சாம்பார் வந்தது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே எதையோ பார்த்த மந்திரவாதிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் வரைந்த பசுவும் கன்றும் நாலாக மடிபட்டு, மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. கன்றுக்குட்டியின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. அணில் வால் முடியால் அந்தக் கண்ணுக்கு அவர் இமை வரைந்திருந்தார்.

அது என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுவா? மேசை ஆடுச்சு, முட்டுக் கொடுத்திருக்கு" என்றார் ராஜா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

மந்திரவாதியின் முகத்தைப் பார்த்ததும் ராணிக்குப் புரிந்துவிட்டது. அவள் குனிந்து அட்டையை உருவி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டி மன்னிப்புக் கேட்டாள். அவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கை கழுவினார். நேரே மண்டபத்துக்குப் போனார். கோலை உயர்த்தினார்.

"வாழ்த்தை எடை போட்ட ராஜா,
வந்தது பார் அதன் கூலி.
கிழித்தால் படத்துக்குள்ளே,
எரித்தால் படத்துக்குள்ளே,
எறிந்தால் படத்துக்குள்ளே."

பாட்டு புரியாதவர்களுக்காக விளக்கமும் சொன்னார். இந்தக் குவியல் நாளுக்கு நாள் வளரும். போகியன்று சூரியன் மறையும்போது இந்த மண்டபத்தில் ஓர் அட்டையாவது அட்டையாகக் கிடந்தால், அப்புறம் சிம்மாசனம் எனக்கு. படத்துக்குள் போனவர்கள் படத்துக்குள்ளேயே. இவ்வளவும் சொல்லிவிட்டு மலை ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்தபோது குவியல் ஒரு முழம் உயர்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னொரு முழம்.

மந்திரி வந்தார். மந்திரமாவது மண்ணாவது என்றார். ஓர் அட்டையை எடுத்துக் கிழிக்கப் போனார். படக்கென்று ஆளைக் காணோம். பார்த்தால் அந்த அட்டைக்குள், பொங்கல் பானைக்குப் பக்கத்தில், அங்குல உயரத்தில் நிற்கிறார். பானை பொங்கிப் பொங்கி அவர் காலில் வழிகிறது.

சேனாபதி வந்தார். கிழித்தால்தானே ஆபத்து, எரித்துவிடுவோம் என்றார். தீப்பந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். படக்கென்று ஆளைக் காணோம். பார்த்தால் ஓர் அட்டைக்குள் கிளியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறார். மீசை மட்டும் படத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் ராஜாவே வந்தார். ராணி எவ்வளவோ தடுத்தாள். மந்திரிக்கும் சேனாபதிக்கும் வீசத் தோன்றவில்லை, நான் ஆற்றில் வீசிக் காட்டுகிறேன் பார் என்று ஓர் அட்டையை எடுத்துக் கையை ஓங்கினார். படக்கென்று ஆளைக் காணோம். இரண்டு ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு நடுவே ராஜா நிற்கிறார். ஒரு காளை அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தை மென்றுகொண்டிருக்கிறது. ராஜா கத்துகிறார். ஆனால் அந்தத் தொண்டை இப்போது கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது. அந்த அட்டையும் குவியலுக்குள் சரிந்து எங்கோ போய்விட்டது.

அரண்மனையில் இனி மிஞ்சியவர்கள் யார்? ராணி. அவளுடைய மூன்று பிள்ளைகள். பெரியவள் மயிலம்மை, எல்லாம் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் அவளுக்கு. நடுவில் ஆதன், எப்போதும் பசி. கடைக்குட்டி சிட்டு, கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்புறம் ராணியின் தம்பி சோணாசலம்.

சோணாசலம் அக்காவைப் பார்க்க ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவர். எந்த வருஷம் வந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. வேலை வெட்டி கிடையாது. எதைச் சொன்னாலும் "எனக்கென்ன அவசரம்" என்பார். ஆனால் பிள்ளைகளுக்கு மாமா என்றால் உயிர். பல் விழுந்தால் மாமாவிடம்தான் காட்டுவார்கள்.

போகி அன்றைக்குக் காலையில் சிட்டு மாமாவின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். அப்பா அடியில் கிடக்கிறார், மேலே எல்லாம் அட்டையாக அமுக்குமே, அவருக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டாள். அப்பாவை எடுத்து உயரத்தில் தொங்கவிட்டால் காற்று வரும், எல்லோரையும் பார்த்துக்கொண்டும் இருப்பார் என்றாள்.

தொங்கவிட ஓட்டை போட வேண்டுமே, ஓரம் வெட்ட வேண்டுமே, வெட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றார் மாமா.

"மந்திரவாதி வெட்டினால்னு சொல்லவே இல்லையே மாமா. கிழிச்சா, எரிச்சா, எறிஞ்சா. மூணுதான். வெட்டி ஒட்டினா என்ன ஆகும்?"

"ஒட்டினா... ஒட்டும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு யோசித்தார். அவர் யோசித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. ராணி பயந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உடனே சிட்டு கத்தரிக்கோலை எடுக்க ஓடினாள். மாமா அவளைவிட வேகமாக ஓடினார். அதையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்கோலை அவள் கைக்கு எட்டாமல் தூக்கிக்கொண்டு, முதல் வெட்டு நான்தான் வெட்டுவேன் என்றார்.

"அக்கா, நான் உள்ள போயிட்டா சாயங்காலம் பிள்ளைங்களுக்குக் கதை சொல்ல ஆள் இருக்காது. நீதான் சொல்லணும். பூதக் கதைல பூதம் தும்முற இடத்தை விட்டுடாதே. சிட்டு அதுக்குத்தான் காத்திருப்பா."

ராணி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், உள்ளே இழுத்தால் தானும் கூடவே போகிறவள் மாதிரி.

மாமா ஒரு காளைப் படத்தை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். காளையின் ஓரத்தைச் சுற்றிக் கரக் கரக் என்று வெட்டினார். கொம்பு, திமில், வால். வெட்டி முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை.

"நான் உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?" என்று கேட்டார்.

சிட்டு அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் அலறிய அலறலில், அவர் வெளியேதான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெட்டிய காளையை நூலில் கட்டித் தூணில் தொங்கவிட்டார்கள். அது இப்போது அட்டை இல்லை. தொங்கட்டான். குவியல் ஒரு பெருமூச்சு விட்டு லேசாகத் தாழ்ந்தது.

அப்புறம் என்ன, வேலை ஆரம்பமாயிற்று. இவ்வளவு பெரிய குவியலுக்கு இந்தக் கைகள் போதுமா? போதாது. ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் கத்தரிக்கோலோடு வரச் சொல்லி ராணி தண்டோரா போட்டாள். வேண்டாம் என்று சொன்னால்கூட வருகிற பிள்ளைகள், வா என்றால் விடுவார்களா? வாசல் நிரம்பிவிட்டது. சமையற்கட்டில் அண்டா நிறையச் சோற்றுப் பசை கிண்டினார்கள். மயிலம்மை எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து வேலை சொல்லிக் கொடுத்தாள். அட்டையை வட்டம் வட்டமாக வெட்டு. நடுவில் மடி. முதுகோடு முதுகு ஒட்டு. ஒட்ட ஒட்டப் பந்து வரும். நீள வாக்கில் நறுக்கிச் சுருட்டினால் மணி வரும், நூலில் கோத்தால் சரம். நாலு பக்கமும் மடித்து நிறுத்தினால் விளக்குக் கூடு. ஈர்க்குச்சியில் குத்தினால் காற்றாடி. கோணலாக வெட்டினவர்களுக்கு ஒரு முறைப்பு. ஆதனைப் பசை தடவ உட்கார வைத்திருந்தார்கள். அண்டாவில் பசை குறைந்துகொண்டே வந்தது, ஒட்டின அட்டை கூடவில்லை. கேட்டால், கொஞ்சம் உப்புப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றான்.

மந்திரி இருந்த அட்டை கிடைத்தது. அதை விளக்குக் கூடாக மடித்துத் தொங்கவிட்டதுதான் தாமதம், பொத்தென்று மந்திரி கீழே விழுந்தார். கால் இரண்டிலும் பொங்கல். எழுந்ததும் முதல் வேலையாக, நெய் போதாது என்றார். கிளிப் படத்தைச் சரத்தில் கோத்ததும் பொத்தென்று சேனாபதி விழுந்தார். மீசையில் ஒரு பச்சை இறகு. ஆக, வேறொன்றாக மாறித் தொங்கினால் ஆள் வெளியே வந்துவிடுவார். பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

ராஜாவைத்தான் காணோம். தேடித் தேடி, குவியலின் அடி மூலையில் சிட்டுதான் கண்டுபிடித்தாள். அப்பாவின் அட்டையை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். கூப்பாடு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ராஜா அமைதியாக இருந்தார். காளை அங்கவஸ்திரத்தைத் தின்று முடித்து வேட்டியில் ஆரம்பித்திருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று ராணி கேட்டாள். ராஜா சொன்னதை மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அடியில் கிடந்தபோது அவர் முகத்துக்கு நேரே இன்னோர் அட்டை கவிழ்ந்து கிடந்ததாம். திரும்ப முடியாது. வேறு வேலையும் இல்லை. அதனால் அதைப் படித்தாராம். திருப்பித் திருப்பி அதையே படித்தாராம். கீழத்தெரு மாடு மேய்க்கிற பொம்மி என்கிற அம்மாள் எழுதியது. அதை இப்போது மனப்பாடமாகவே சொன்னார்.

"மகாராசாவுக்கு, போன வருசம் எங்க வீட்ல சாவு விழுந்திருச்சி, அதனால வாழ்த்து அனுப்ப முடியலை. கோவிச்சுக்காதீங்க. இந்த வருசம் பசு கன்னு போட்டிருக்கு. உங்க வீட்லயும் எல்லாம் நல்லா இருக்கணும்."

கோபித்துக்கொள்வதா, அவள் அனுப்பாதது எனக்குத் தெரியவே தெரியாதே என்றார் ராஜா. பிறகு பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். ராஜா கட்டளை போடாமல் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் அட்டையையும் வெட்டுவதற்கு முன்னால், அதில் எழுதியிருப்பதை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும்.

படித்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது, சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது என்றார் மந்திரி.

"எனக்கென்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு முதல் அட்டையைப் படிக்க ஆரம்பித்தார் சோணாசலம்.

அதற்குள் ராஜாவை என்னவாகச் செய்வது என்று சண்டை வந்துவிட்டது. கிரீடமாகச் செய்யுங்கள் என்றார் ராஜா. அவரும் ராஜாதானே, பழக்கம் போகுமா? நட்சத்திரம் என்றாள் மயிலம்மை. லட்டு என்றான் ஆதன். சிட்டு யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவின் அட்டையை ஒரு கோழிக்குஞ்சாக வெட்டி, மூக்குக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, தோரணத்தின் நடுவில் தொங்கவிட்டாள். தேன்கரை நாட்டின் மகாராஜா காற்றில் இரண்டு ஆட்டம் ஆடினார். அப்புறம் தடாலென்று தோரணத்தோடு கீழே வந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்து, கடித்த வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்கும் ஒரு கத்தரிக்கோல் கொடுங்கள் என்றார். அந்தச் சத்தத்தில் பசை அண்டா அதிர்ந்தது. மயிலம்மை அவரைச் சின்னப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார வைத்தாள். வெட்டியது கோணல் என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தாள்.

படித்தார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள். எழுதியவரைத் தெரிந்தவர்கள் எழுந்து நின்று, அது எங்க அம்மா எழுதினது என்றோ, அந்தத் தாத்தா இப்போ இல்லை என்றோ சொன்னார்கள். ராஜா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். படிக்கப் படிக்க வெயில் சாய்ந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் சடாகேது மந்திரவாதி வந்தார். சிம்மாசனத்தில் உட்காரத் தலையில் தலைப்பாகையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தூணுக்குத் தூண் தோரணம். பந்து, மணி, காற்றாடி, காளை, கிளி. குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

வெட்டலாம் என்று யார் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் வெட்டக்கூடாது என்று சொல்லவில்லையே என்றாள் ராணி.

மந்திரவாதி தாடியைப் பிசைந்தார். "கிழித்தால், எரித்தால், எறிந்தால். வெட்டினால்னு ஒரு அடி போட்டுப் பார்த்தேன். ஓசை உதைச்சுது. அதான் விட்டுட்டேன்" என்றார்.

அப்போது சிட்டு அவரிடம் ஓடி வந்தாள். கடைசித் தோரணம், எல்லாவற்றிலும் நீளமானது, அதன் ஒரு முனையை மண்டப உச்சியில் கட்ட வேண்டும், ஏணி வைத்தும் மாமாவுக்கு எட்டவில்லை, நீங்கள்தான் இங்கே உயரம் என்றாள். நூலின் நுனியை அவர் கையில் வைத்துவிட்டாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கணும் தாடித் தாத்தா. விட்டா எல்லாம் விழுந்துடும்."

மந்திரவாதிக்குப் பயந்து ஓடினவர்கள் உண்டு. காலில் விழுந்தவர்கள் உண்டு. இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஏணியில் ஏறி, இரண்டு கையாலும் நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பிள்ளைகள் மிச்ச அட்டைகளைப் படித்து, வெட்டி, அந்த நூலிலேயே கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்று ஏறும்போதும் நூல் கனத்தது. ஒரு தடவை, ஓர் ஊரில் யாரோ எழுதிய வாழ்த்தில் ஆட்டுக்குட்டி குளத்தில் விழுந்த கதை வந்தது. மந்திரவாதி தன்னை மறந்து, அப்புறம் எப்படித் தூக்கினார்களாம் என்று மேலிருந்து கேட்டார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். ராஜா ராணியைப் பார்த்துச் சிரித்தார்.

ஏணியின் உச்சியில் நின்றவருக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. சிம்மாசனத்தின் பின்னால், கீழே இருப்பவர்கள் கண்ணுக்குப் படாத இடத்தில், ஓர் அட்டை கிடந்தது. வெட்டாத, ஒட்டாத, முழு அட்டை.

அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிம்மாசனம் அவருடையது. அவர் அட்டையைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். கீழே பார்த்தார். ஏணிக்கு நேர் அடியில், தலைக்கு மேலே இத்தனை கனம் தொங்குகிறதே என்ற நினைப்பே இல்லாமல், சிட்டு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். தாத்தாவுக்குக் கை வலிக்கிறதா என்று கேட்டாள்.

மந்திரவாதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாப்பா, சிம்மாசனத்துக்குப் பின்னால ஒண்ணு கிடக்கு. சீக்கிரம் எடு."

சோணாசலம் பாய்ந்தார். சிட்டு படித்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள், மண்டபமே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ராஜா வெட்டினார், ஆதன் பசை வைத்தான், மயிலம்மை கோணலைக்கூடப் பார்க்காமல் நூலில் மாட்டினாள். மலைக்கு மேலே கடைசிக் கீற்று மறைந்தது.

ஏணியில் சாத்தி வைத்திருந்த மந்திரவாதியின் கோல் நடுவில் முறிந்து, அதிலிருந்து மத்தாப்புப் போல மந்திரமெல்லாம் பொரிந்து போய்விட்டது. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நூலை உச்சியில் கட்டிவிட்டு இறங்குங்கள் என்றார்கள். இறங்கினார். ஆனால் தூக்கிப் பிடித்த கைகள் மடங்கவில்லை. சரணடைந்த ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கியபடியே பந்தியில் உட்கார்ந்தார். ராஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிட்டு ஊட்டிவிட்டார். ராஜா வாயைத் திறந்து, உங்களை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, மலைமேல் குளிர் எப்படி என்று விசாரித்தார். மெதுவாகத்தான் கேட்டார். அக்கரையில் இருந்தவனுக்குக் கேட்கவே இல்லை.

சோணாசலத்துக்குப் பாதி ராஜ்ஜியம் என்று ராஜா அறிவித்தார். பாதி ராஜ்ஜியம் என்றால் காலையில் எழுந்திருக்க வேண்டியிருக்குமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றதும், அதற்குப் பதில் மண்டபத்தில் தோரணத்துக்கு அடியில் ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள், போதும் என்றார்.

அந்தத் தைப்பொங்கலுக்குத் தேன்கரையில் மண்டபக் கதவைச் சாத்தவே இல்லை. காற்று வந்தபோதெல்லாம் தோரணங்கள் சலசலத்தன, ஊர் ஜனங்கள் நடந்து நடந்து தங்கள் அட்டை எங்கே தொங்குகிறது என்று தேடிப் பார்த்துக்கொண்டார்கள். மந்திரவாதி மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வந்து, பிள்ளைகளுக்குப் பசு வரையச் சொல்லிக் கொடுத்தார்.

கதை இத்தோடு காய்ந்து ஒட்டிவிட்டது. பிள்ளைகளா, எழுந்து போய்க் கையில் இருக்கிற பசையைக் கழுவுங்கள். ஆதா, நீ தின்றது போதும், மூடி வை.